அவசரப்படாத ஹைட்ரஜன்: கரியிலிருந்து எரிவாயு செய்யப் போன கதை

பி.காம் படிக்கிறவனுக்கு நிலக்கரியிலும் ஹைட்ரஜனிலும் என்ன வேலை என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கதை பாதி வேதியியல், மீதிப் பாதி காஸ்ட் அக்கவுண்டிங். ஒரு வினை எவ்வளவு மெதுவாக நடக்கிறது என்பதை அளக்க இரண்டு மூன்று நாடுகள் பல வருடங்கள் உழைத்தன. கடைசியில் அந்த வினையின் தலையெழுத்தை எழுதியது எரிவாயுவின் விலை. அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

முதலில் வினை என்ன என்று பார்த்துவிடுவோம். ஒரு கார்பன் அணு, இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறு. இரண்டும் சேர்ந்தால் மீத்தேன். அவ்வளவுதான். சாண எரிவாயுவிலும், பூமிக்கு அடியிலிருந்து வரும் இயற்கை எரிவாயுவிலும் எரிவது பெரும்பாலும் இந்த மீத்தேன்தான். கார்பனுக்கு நிலக்கரி இருக்கிறது. நிலக்கரியைக் காற்று படாமல் சூடாக்கினால் தாரும் வாயுவும் வெளியேறிப் போய், கடைசியில் கரி மிஞ்சும். நம் தெரு இஸ்திரிக்காரர் பெட்டியில் போடுகிற கரி மரத்திலிருந்து இதே முறையில் வந்ததுதான். இந்தக் கரியோடு ஹைட்ரஜனைச் சேர்த்து மீத்தேன் செய்ய முடியுமா? முடியும் என்றால் எவ்வளவு நேரம் ஆகும்? இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றித்தான் மொத்தக் கதையும்.

மீத்தேன் ஏன் வேண்டியிருந்தது?

1792-இல் வில்லியம் மர்டாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இங்கிலாந்தின் ரெட்ரூத் ஊரில், நிலக்கரியைச் சூடாக்கி வந்த வாயுவில் தன் வீட்டுக்கு விளக்கேற்றினார். 1812-இல் லண்டனில் கேஸ் லைட் அண்ட் கோக் கம்பெனி சாசனம் வாங்கிக்கொண்டு தெருவுக்குத் தெரு குழாய் பதிக்க ஆரம்பித்தது. அடுத்த நூற்றைம்பது வருடம் ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களில் அடுப்பெரிந்தது இந்த நிலக்கரி வாயுவில்தான்.

அதில் இரண்டு குறைகள். ஒன்று, சுமார் பாதி ஹைட்ரஜனாக இருந்ததால் அதே கன அளவு இயற்கை எரிவாயு தருகிற வெப்பத்தில் ஏறக்குறைய பாதிதான் கிடைத்தது. அதாவது அதே வெப்பத்தைக் கொண்டுபோக இரண்டு மடங்கு வாயுவைக் குழாயில் தள்ள வேண்டும். இரண்டாவது குறை உயிர் சம்பந்தப்பட்டது. அந்த வாயுவில் கார்பன் மோனாக்சைடு இருந்தது. அடுப்புக் குழாய் கசிந்தால், ஜன்னல் சாத்திய அறையில் தூங்குகிறவர் மறுநாள் எழுந்திருக்க மாட்டார். மீத்தேன் வெடிக்கும் என்பது உண்மை. ஆனால் கார்பன் மோனாக்சைடு மாதிரி ரத்தத்தில் கலந்து விஷமாகாது. ஆகவே நிலக்கரியை அப்படியே மீத்தேனாக மாற்ற முடிந்தால் வெப்பமும் லாபம், உயிரும் லாபம்.

சேரும், ஆனால்...

கார்பனும் ஹைட்ரஜனும் நேரடியாகச் சேருமா என்பதே முதலில் சண்டையாக இருந்தது. 1897-இல் வில்லியம் போன், டேவிட் ஜெர்டன் என்ற இரண்டு இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள், தூய்மையாக்கிய கார்பனைச் சுமார் 1200 டிகிரி செல்சியஸில் ஹைட்ரஜனில் வைத்து, கொஞ்சமாக மீத்தேன் வருவதைக் காட்டினார்கள். "அது கார்பனில் ஒட்டியிருந்த அழுக்கிலிருந்து வந்திருக்கும்" என்று சந்தேகம் எழுந்தது. பிறகு போன், ஹூபர்ட் கோவர்டுடன் சேர்ந்து 1908-இல் இன்னும் கவனமாகச் செய்து, எடுத்த கார்பனில் பெரும்பகுதி மீத்தேனாகவே மாறுகிறது என்று நிரூபித்தார். சரி, சேரும். முதல் கேள்வி முடிந்தது.

இதற்கிடையில் பிரான்சில் பால் சபாட்டியேயும் ஜான் சாந்தரானும் 1902-இல் வேறு வழி கண்டார்கள். கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் நிக்கல் தூள் மேல் செலுத்தினால், 250 டிகிரி போன்ற மிதமான சூட்டிலேயே சரசரவென்று மீத்தேன் வந்தது. சபாட்டியேவுக்கு 1912-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த நிக்கல் வழியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இது திரும்பி வரும்.

நேரடி வழியில் ஒரு தர்மசங்கடம் இருந்தது. பிளஸ் டூவில் சயின்ஸ் குரூப் படித்தவர்களுக்கு லீ சாட்லியர் தத்துவம் தெரியும். இந்த வினை வெப்பம் உமிழும் வினை. ஒரு மோல் மீத்தேனுக்குச் சுமார் 75 கிலோஜூல். அதனால் சூடு ஏற ஏற, உண்டான மீத்தேன் திரும்பக் கார்பனாகவும் ஹைட்ரஜனாகவும் உடைந்து போகப் பார்க்கும். உதாரணமாக 730 டிகிரி வாக்கில், சாதாரணக் காற்றழுத்தத்தில், சமநிலையில் மீத்தேன் பத்து சதவீதம்கூட தேறாது. சரி, சூட்டைக் குறைக்கலாம் என்றால் வினை நகரவே நகராது. சூடாக்கினால் மீத்தேன் தங்காது, ஆறவிட்டால் மீத்தேன் பிறக்காது.

இதற்கு ஒரே மருந்து அழுத்தம். இரண்டு மூலக்கூறு வாயு ஒரு மூலக்கூறாகச் சுருங்குவதால், அழுத்தினால் மீத்தேன் பக்கம் சாயும். அதே 730 டிகிரியில் 70 மடங்கு காற்றழுத்தம் கொடுத்தால் சமநிலையில் மூன்றில் இரண்டு பங்கு மீத்தேனாக இருக்கும். அம்மோனியாவுக்கு ஹேபர் செய்த அதே தந்திரம். அவருக்கு நல்ல வினையூக்கி கிடைத்தது. கரிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கரி திடப்பொருள். அதன் ஒவ்வொரு துகளுக்குள்ளும் வினையூக்கியைக் கொண்டுபோய் வைத்து, பிறகு சாம்பலிலிருந்து திரும்ப எடுக்க வேண்டும். செலவு எங்கேயோ போய்விடும்.

எவ்வளவு மெதுவு?

1959-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப் வாக்கரும் ருசின்கோ, ஆஸ்டின் என்ற இருவரும் சேர்ந்து கார்பனின் வாயு வினைகளைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். இந்தத் துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் கட்டுரை அது. 800 டிகிரியில், பத்தில் ஒரு பங்கு காற்றழுத்தத்தில், கார்பனோடு நான்கு வாயுக்கள் வினைபுரியும் வேகத்தை ஒப்பிட்டார்கள். கார்பன் டை ஆக்சைடின் வேகத்தை 1 என்று வைத்தால், நீராவி 3. ஆக்சிஜன் 1,00,000. ஹைட்ரஜன்? 0.003.

எண்ணாகப் பார்த்தால் உறைக்காது. நேரமாக மாற்றிப் பாருங்கள். ஒரு துண்டுக் கரியை ஆக்சிஜன் ஒரு வினாடியில் தீர்க்கிறது என்று வைத்துக்கொண்டால், நீராவிக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். கார்பன் டை ஆக்சைடுக்கு ஒரு நாளும் கொஞ்சமும். ஹைட்ரஜனுக்கு 385 நாட்கள்! ஒரு நிதியாண்டு முடிந்து அடுத்த நிதியாண்டின் ஏப்ரலிலும் பாதிக்கு மேல் கடந்திருக்கும்.

காமர்ஸ் பாஷையில் இதன் அர்த்தம் என்ன? வினை மெதுவாக நடந்தால் கரி கலனுக்குள் அதிக நேரம் இருக்க வேண்டும். தினமும் அதே அளவு வாயு வேண்டுமென்றால் கலன் பெரிதாக வேண்டும். அந்தக் கலன் 70 மடங்கு அழுத்தத்தையும் 900 டிகிரி சூட்டையும் தாங்கும் கனத்த எஃகாக இருக்க வேண்டும். எஃகு என்றால் முதலீடு, முதலீடு என்றால் வட்டி. ஆக வினைவேகம் என்பது நேராக பேலன்ஸ் ஷீட்டில் போய் உட்காருகிற எண்.

ஆனால் வாக்கரின் எண்கள் குறைந்த அழுத்தத்துக்கானவை. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தில் ஜே.டி. பிளாக்வுட் அதே 1950களின் இறுதியில் உயர் அழுத்தத்தில் கார்பன் வினைகளை அளந்துகொண்டிருந்தார். (அவருடைய நீராவிச் சோதனையில் கார்பனாகப் பயன்பட்டது எது தெரியுமா? தேங்காய் ஓட்டுக்கரி!) ஹைட்ரஜன் அழுத்தம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, வேகமும் ஏறக்குறைய அத்தனை மடங்கு கூடுவதை அவர் கண்டார். நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் ஒரு கட்டத்துக்கு மேல் அழுத்தத்துக்கு அவ்வளவாக மசியாது. கரியின் மேற்பரப்பில் இடம் நிரம்பிவிடும். ஹைட்ரஜன் மட்டும் அழுத்த அழுத்த வேலை செய்துகொண்டே இருக்கும். பத்தில் ஒரு பங்கிலிருந்து 70-க்கு அழுத்தம் போனால் 700 மடங்கு. அந்த விகிதம் கடைசிவரை அப்படியே நீடிப்பதாக வைத்துக்கொண்டால், 385 நாட்கள் சுமார் 13 மணி நேரமாகச் சுருங்குகிறது. அதோடு சூட்டை 50 டிகிரி ஏற்றினால் வேகம் இன்னும் இரண்டு மடங்குக்கு மேல். இப்போது கொஞ்சம் நம்பிக்கை வருகிறது இல்லையா?

முதல் சில வினாடிகள்

உண்மையான நம்பிக்கை வேறு இடத்திலிருந்து வந்தது. 1930களின் பிற்பகுதியிலேயே இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் எஃப்.ஜே. டென்ட் என்பவர் எரிவாயுத் தொழிலுக்காக நிலக்கரியை அழுத்தமான ஹைட்ரஜனில் வைத்துப் பார்த்தார். புது நிலக்கரி ஆரம்பத்தில் ஹைட்ரஜனோடு ஆர்வமாக வினைபுரிந்தது. போகப் போகச் சோர்ந்துவிட்டது. மிஞ்சின கரி அசையவே மறுத்தது. பிறகு அவர் சோலிஹல் ஊரில் இருந்த எரிவாயு ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைவரானார். அங்கே 1960களில் மோஸ்லி, பேட்டர்சன் என்ற இருவர் நுண்ணிய கரித்தூளை மின்னல் வேகத்தில் சூடாக்கி, அந்த ஆரம்ப வேகம் சில வினாடிகள் மட்டுமே இருக்கிறது, ஆனால் மிக அதிகமாக இருக்கிறது என்று காட்டினார்கள்.

காரணம் கரியின் உள்கட்டமைப்பில் இருக்கிறது. புது நிலக்கரியில் கார்பன் அணுக்கள் ஒழுங்கில்லாமல், பக்கக் கிளைகளோடு, பாதி உடைந்த பிணைப்புகளோடு கிடக்கும். ஹைட்ரஜன் அவற்றைச் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். சூட்டில் நேரம் ஆக ஆக அணுக்கள் அடுக்கடுக்காக ஒழுங்காகிவிடும். பிறகு ஓரத்தில் இருக்கிற அணுக்களை மட்டும்தான் ஒவ்வொன்றாகப் பிடுங்க முடியும். அதனால் கரியை முன்கூட்டியே எவ்வளவு அதிகச் சூட்டில் வைத்தார்களோ, அவ்வளவு மந்தமாகிவிடும்.

இதை முழுக் கணக்காக மாற்றியது சிகாகோவில் 1941-இல் தொடங்கப்பட்ட இன்ஸ்டிடியூட் ஆஃப் கேஸ் டெக்னாலஜி. அவர்கள் ஒரு விசேஷத் தராசு செய்தார்கள். கம்பி வலைக் கூடையில் கரியைப் போட்டு, 100 மடங்கு அழுத்தம் வரை தாங்கும் குழாய்க்குள், சூடான ஹைட்ரஜனில் தொங்கவிடுவார்கள். கரி வாயுவாகப் போகப் போக எடை குறையும். அதை வினாடிக்கு வினாடி குறித்துக்கொண்டே வரலாம். இந்தத் தராசில் கிடைத்த எடைகளை வைத்து ஜேம்ஸ் ஜான்சன் என்ற ஆராய்ச்சியாளர் 1974-இல் வெளியிட்ட கட்டுரையில் வினையை மூன்று கட்டமாகப் பிரித்தார். முதலில் நிலக்கரியின் ஆவிப்பொருள் வெளியேறுவது. அடுத்து வேகமான மீத்தேன் கட்டம். கடைசியில் மெதுவான கட்டம். ஒவ்வொன்றுக்கும் தனிச் சமன்பாடு.

இதைப் படிக்கும்போது எனக்கு வாராக்கடன் ஞாபகம்தான் வந்தது. கடன் கொடுத்தவர்களிடம் போனால், முதல் பாதிப் பணம் சீக்கிரம் வந்துவிடும். மிச்சத்தை வசூலிக்க அலைகிற செலவு, வருகிற பணத்தை விட அதிகமாகிவிடும். கெட்டிக்கார வியாபாரி என்ன செய்வார்? வசூலாகிறதை வசூலித்துவிட்டு மிச்சத்தை வேறு வழியில் தள்ளிவிடுவார். சிகாகோக்காரர்கள் செய்ததும் அதுதான்.

அவர்கள் வடிவமைத்த முறைக்குப் பெயர் ஹைகேஸ். நிலக்கரித் தூளை எண்ணெயில் குழைத்து உயர் அழுத்தக் கலனுக்குள் பம்ப் செய்வார்கள். மேலிருந்து நிலக்கரி இறங்கும், கீழிருந்து ஹைட்ரஜன் நிறைந்த வாயு ஏறும். முதல் அடுக்கு சுமார் 650 டிகிரி, அடுத்தது 900-க்கு மேல். புதுசாக இருக்கும்போதே ஹைட்ரஜன் பிடித்துக்கொள்கிற கார்பனை மட்டும் மீத்தேனாக்கிக்கொள்வார்கள். மிஞ்சின சோம்பேறிக் கரியைத் துரத்த மாட்டார்கள். அதைக் கீழே இறக்கி, நீராவியும் ஆக்சிஜனும் கொடுத்து, மேலே தேவைப்படும் ஹைட்ரஜனை அதிலிருந்தே எடுப்பார்கள். வாராக்கடனை வைத்தே அடுத்த வியாபாரத்துக்கு முதல் போட்டாகிவிட்டது!

1970களின் தொடக்கத்தில் சிகாகோவில் தினம் சுமார் 75 டன் நிலக்கரி எடுக்கும் ஹைகேஸ் மாதிரி ஆலை ஓடத் தொடங்கியது. பணம் கொடுத்தது அமெரிக்க அரசும் அங்குள்ள எரிவாயுச் சங்கமும்.

விலைக்கு ஒரு மூடி

இத்தனை இயற்கை எரிவாயு இருக்கிற அமெரிக்காவுக்கு இது ஏன் தேவைப்பட்டது? இங்கேதான் நம்ம சப்ஜெக்ட் வருகிறது.

1954-இல் பிலிப்ஸ் பெட்ரோலியம் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போகும் எரிவாயுவின் கிணற்றடி விலையை மத்திய ஆணையம் கட்டுப்படுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. விலை குறைவாகவே நிறுத்தப்பட்டது. மலிவாகக் கிடைத்ததால் எல்லோரும் பயன்படுத்தினார்கள். லாபம் இல்லாததால் புதுக் கிணறு தோண்ட ஆட்கள் குறைந்தார்கள். டெக்சாஸ் மாதிரி மாநிலங்களுக்குள்ளேயே விற்றால் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதனால் வாயு அங்கேயே தங்கிவிட்டது. தேவை ஏறி, வரத்து குறைந்தால் என்ன ஆகும் என்று முதல் வருட எகனாமிக்ஸ் பாடத்திலேயே இருக்கிறது.

1977 ஜனவரியில் கடுங்குளிர் வந்தபோது அது நடந்தது. ஒஹையோ போன்ற மாநிலங்களில் எரிவாயு இல்லாமல் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். தொழிற்சாலைகள் நின்று, ஏராளமானவர்கள் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தார்கள். பதவியேற்று இரண்டு வாரம்கூட ஆகாத ஜிம்மி கார்ட்டர், பிப்ரவரி 2 அன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டிவியில் வந்து, வீட்டுச் சூட்டைக் குறைத்து வைக்கச் சொல்லி மக்களிடம் கேட்டுக்கொண்டார்.

இந்தப் பயத்தில்தான் ஹைகேஸ், பைகேஸ், சின்தேன், ஹைட்ரேன் என்று பல முறைகளுக்குப் பணம் பாய்ந்தது. 1980-இல் செயற்கை எரிபொருளுக்கென்றே சின்தெடிக் ஃபியூல்ஸ் கார்ப்பரேஷன் என்று ஒரு நிறுவனத்தை அரசு உண்டாக்கியது.

ஆனால் 1978-இல் இன்னொரு காரியமும் நடந்தது. எரிவாயுவின் விலைக் கட்டுப்பாட்டைப் படிப்படியாகத் தளர்த்தும் சட்டம் வந்தது. விலை ஏறியது, கிணறுகள் தோண்டப்பட்டன, சில வருடங்களில் வாயு தேவைக்கு மேல் குவிந்துவிட்டது. பற்றாக்குறை என்று நினைத்ததில் பெரும்பங்கு பூமியில் இல்லை, விலைச் சீட்டில் இருந்திருக்கிறது! ஹைகேஸ் மாதிரி ஆலை 1980 வாக்கில் ஓட்டத்தை நிறுத்தியது. அதன் பெரிய ஆலை கட்டப்படவே இல்லை. சின்தெடிக் ஃபியூல்ஸ் கார்ப்பரேஷனும் 1986-இல் மூடப்பட்டது.

இங்கிலாந்தில் இதே முடிவு இன்னும் சீக்கிரம் வந்திருந்தது. 1965-இல் வடகடலில் எரிவாயு கிடைத்தது. 1967 முதல் 1977 வரை பத்து வருடத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளின் அடுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றி, நாடு முழுக்க இயற்கை எரிவாயுவுக்குக் கொண்டுவந்தார்கள். டென்ட் தேடிய மீத்தேன் கடலுக்கடியிலிருந்து வந்து சேர்ந்தது. விஷ வாயு வீடுகளை விட்டுப் போனது.

நிக்கல் திரும்பி வந்தது

அமெரிக்காவில் பெரிய அளவில் கட்டப்பட்ட நிலக்கரி மீத்தேன் ஆலை ஒன்றுதான். வடக்கு டகோட்டா மாநிலத்தில் பியூலா ஊருக்குப் பக்கத்தில், கிரேட் பிளெயின்ஸ் ஆலை. 1984-இல் வாயு அனுப்பத் தொடங்கியது. அங்கே புது முறைகள் எதையும் நம்பவில்லை. ஜெர்மனியில் 1936-இலேயே ஹிர்ஷ்ஃபெல்டே ஊரில் ஓடத் தொடங்கிய லூர்கி கலனில் பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கி, அந்த வாயுவை நிக்கல் மேல் செலுத்தி மீத்தேனாக்கினார்கள். சபாட்டியே 1902-இல் கண்ட அதே வழி! கடன் கொடுப்பவர் ஏற்கெனவே ஓடிப் பார்த்த இயந்திரத்துக்குத்தான் கடன் கொடுப்பார்.

ஆனால் ஹைட்ரஜன் முழுவதுமாகத் தோற்றது என்றும் சொல்ல முடியாது. லூர்கி கலன் அழுத்தத்தில் ஓடுவதால், மேல் அடுக்கில் புதிதாக விழும் நிலக்கரியை ஹைட்ரஜன் பிடித்து, கலனுக்குள்ளேயே கொஞ்சம் மீத்தேன் உண்டாகிறது. கலனிலிருந்து வரும் வாயுவில் சுமார் பத்தில் ஒரு பங்கு மீத்தேன். அது எப்படி வருகிறது என்று புரியவைத்தது டென்ட் வழியில் வந்தவர்களின் அளவுகள்தான்.

ஆலையின் கணக்கு என்ன ஆயிற்று? கட்டச் செலவு சுமார் 200 கோடி டாலர். அதில் சுமார் 150 கோடி அரசு உத்தரவாதத்தில் வாங்கிய கடன். எரிபொருள் விலை சரியத் தொடங்கியதும் 1985 ஆகஸ்டில் முதலாளிக் கம்பெனிகள் கைவிட்டன. ஆலை அரசு கைக்கு வந்தது. 1988-இல் ஒரு மின்சாரக் கூட்டுறவுச் சங்கம் 8.5 கோடி டாலர் ரொக்கத்துக்கும் வருங்கால லாபத்தில் ஒரு பங்குக்கும் அதை வாங்கியது. இப்படிக் குறைந்த விலைக்குக் கைமாறியதால்தான் ஆலை பிழைத்தது. முதல் முதலாளியின் கடன் சுமையோடு அதே வாயுவை விற்றிருந்தால் தாங்கியிருக்காது. ஆலை மாறவில்லை, வேதியியல் மாறவில்லை, புத்தகத்தில் எழுதியிருந்த சொத்து மதிப்பு மட்டும் மாறியது.

அப்படியானால் எல்லாம் வீணா?

வரவு செலவு மட்டும் பார்த்தால் ஹைகேஸுக்குப் போட்ட பொதுப்பணம் திரும்பவில்லை. ஆனால் காப்பீட்டு பிரீமியம் கட்டிய வருடம் வீடு எரியவில்லை என்றால் பிரீமியம் வீண் என்று சொல்வோமா? வாயு தீர்ந்துவிடும் என்று எல்லோரும் நம்பிய காலத்தில், தீர்ந்தால் என்ன செலவாகும் என்ற கேள்விக்கு ஒரு விடை வாங்கி வைத்தார்கள். அந்த வினைவேக எண்களுக்கு வயசாகவில்லை. சீனா 2013-இல் உள் மங்கோலியாவில் நிலக்கரி மீத்தேன் ஆலை திறந்தபோதும் கார்பன், ஹைட்ரஜன், நீராவிக் கணக்குகள் அதே கணக்குகள்தான்.

எனக்கு நெருடுகிற விஷயம் வேறு. அந்தக் காலக் கணக்கில் ஒரு பத்தியே விடுபட்டிருக்கிறது. நிலக்கரியையும் தண்ணீரையும் மட்டும் வைத்து மீத்தேன் செய்தால், ஒரு துளி வீணாகாமல் செய்தாலும், பாதிக் கார்பன்தான் மீத்தேனில் போகும். மறு பாதி கார்பன் டை ஆக்சைடாக ஆலையிலேயே வெளியேறும். மீத்தேனில் போன பாதியும் அடுப்பில் எரிந்து அதேதான் ஆகும். கிரேட் பிளெயின்ஸ் ஆலை 2000 முதல் அந்த வாயுவில் ஒரு பகுதியைக் குழாய் வழியாகக் கனடாவின் வேபர்ன் எண்ணெய் வயலுக்கு விற்கத் தொடங்கியது. அதற்கு முன்பு அது யாருடைய லெட்ஜரிலும் செலவாக எழுதப்படவில்லை.

1950களில் எரிவாயுவுக்குத் தவறான விலை வைத்ததால், இல்லாத பஞ்சத்துக்கு ஆலை தேடினார்கள். கார்பன் டை ஆக்சைடுக்கு விலையே வைக்காததால், உள்ள செலவு கண்ணில் படவில்லை. இரண்டு இடத்திலும் தராசு சரியாகத்தான் எடை காட்டியது. விலைச் சீட்டு எழுதினவர்கள்தான் சரியாக எழுதவில்லை. நாளைக்குக் காஸ்டிங் பேப்பரில் "மறைமுகச் செலவுகள்" என்று வந்தால் இந்த ஹைட்ரஜனை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள் :-)

கெமிஸ்ட்ரி நண்பர்கள் பின்னூட்டத்தில் வந்து இன்னும் விளக்கினால் மகிழ்ச்சி. மற்றவர்களும் வாருங்கள்.